திண்ணைக்குத் திரும்பிய மாணவி

1925ஆம் ஆண்டு, நியூயார்க் நகரின் பர்னார்டு கல்லூரியில் இளங்கலை மாணவியாகச் சேர்ந்தார் சோரா நீல் ஹர்ஸ்டன். அக்கல்லூரியில் அப்போது பயின்ற ஒரே கறுப்பின மாணவி அவரே. இளமையிலேயே தாயை இழந்தவர். பிறர் வீடுகளில் பணிப்பெண்ணாக உழைத்தவர். கட்டணமின்றிப் பள்ளிக் கல்வி பெறுவதற்காகத் தம் வயதில் பத்தைக் குறைத்துச் சொன்னவர். கல்லூரி வாயிலை மிதித்தபோது அவருக்கு வயது முப்பத்து நான்கு.

அங்கே அவரை ஆட்கொண்ட துறை மானுடவியல். மனிதர் எவ்வாறு வாழ்கின்றனர், எதை நம்புகின்றனர், எதைப் பாடுகின்றனர் என்பவற்றை ஆராயும் துறை அது. ஜெர்மனியிலிருந்து வந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஃபிரான்ஸ் போவாஸ் அவருடைய ஆசிரியர். தலையின் அளவைக் காட்டி ஓர் இனத்தையே தாழ்த்துவது அறிவியலின் பெயரால் நடந்த காலம் அது. இனத்தைக் கொண்டு அறிவின் உயர்வு தாழ்வை உறுதி செய்ய இயலாது என வாதிட்டார் போவாஸ். அவருடைய வழிகாட்டலில், ஹார்லெம் பகுதித் தெருக்களில் நின்று, வருவோர் போவோரின் தலைகளை அளந்தார் ஹர்ஸ்டன். இழிவுபடுத்தப் பயன்பட்ட கருவியே அவர் கையில் இழிவைத் துடைக்கும் கருவியாயிற்று.

1927இல், பட்டம் பெறுமுன்பே, நாட்டுப்புறக் கதைகளையும் பாடல்களையும் திரட்ட ஃபுளோரிடா சென்றார். அங்குள்ள ஈட்டன்வில் அவர் வளர்ந்த ஊர். கறுப்பின மக்கள் தாமே அமைத்துத் தாமே ஆண்ட சிற்றூர். அவ்வூர்க் கடைத்திண்ணையில் பெரியோர் கூடிக் கதையளப்பதைக் கேட்டு வளர்ந்தவர் அவர். எனினும், இப்போது அவர் நாவில் கல்லூரிப் பேச்சு குடியேறியிருந்தது. திருத்தமான மொழியில் கதைகள் உண்டா என வினவினார். மக்களோ தலையசைத்து, அடுத்த வட்டாரத்தில் கேட்டுப் பார்க்கும்படி அனுப்பி வைத்தனர். மாதக்கணக்கில் அலைந்தும் கிடைத்தது சிறிதே. ஆசிரியர் முன் நின்று கண்ணீர் சிந்தினார்.

ஆயினும் முயற்சியைக் கைவிடவில்லை, மீண்டும் சென்றார். மரம் அறுக்கும் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில், 12.74 டாலர் விலையுள்ள அவருடைய உடை அவரை அயலாராகக் காட்டியது. எளிய உடை உடுத்திய மக்கள் அவரை அரசின் வேவுகாரரோ என ஐயுற்றனர். அவர்களுடைய விருந்தில் அவர்களுக்குத் தெரிந்த பாட்டையே அவரும் பாடினார். ஐயம் கரைந்தது, கதைகள் பெருகின.

1928இல் பட்டம் பெற்றார். திரட்டிய கதைகள் 1935இல் ‘மியூல்ஸ் அண்ட் மென்’ என்னும் நூலாயின. மக்களுள் ஒருவராக அவர் கலந்து பழகியதை அதன் முன்னுரையில் போவாஸ் பாராட்டினார்.

விலகி நின்று நோக்கினால்தான் சொந்த ஊரின் செல்வம் புலப்படும் என்பதைக் கல்லூரி அவருக்குக் கற்பித்தது. நெருங்கி அமர்ந்தால்தான் அச்செல்வம் கைக்கு வரும் என்பதைத் திண்ணை கற்பித்தது. இவ்விரண்டு பாடங்களும் சேர்ந்தே அவரை மானுடவியலாளர் ஆக்கின.