துலா நுனியில் ஓர் அறை

உல்லாசக் கப்பலிலே பயணஞ் செய்ய விரும்புவோர் தாம் காணப்போகும் ஊர்களைப் பற்றிப் பல நாள் ஆராய்வர். உறங்கப்போகும் அறையைப் பற்றியோ விலைப்பட்டியலை ஒருமுறை புரட்டிவிட்டு முடிவுசெய்வர். நானும் அவ்வாறே செய்தேன். கல்லூரியிலே மாணவருக்கு நெம்புகோலும் புவியீர்ப்பு மையமும் கற்பிக்கும் ஒருவன் அத்தவற்றைச் செய்தான் என்பதே வெட்கத்துக்குரியது.

2023 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே ‘எம்பிரஸ்’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்கு வந்து மீளத் தொடங்கிற்று. அது 1990 இலே பிரான்சு நாட்டிற் கட்டிமுடிக்கப்பெற்ற கப்பல். அதே 1990 இலேதான் என் அன்னையார் காங்கேசன்துறையில் தாம் பிறந்து வளர்ந்த வீட்டைப் பூட்டிவிட்டு இடம்பெயர்ந்தார். கரையிலே நின்று கப்பல்களைப் பார்த்து வளர்ந்தவர் அவர். கப்பலிலே நின்று அக்கரையைப் பார்க்கவேண்டும் என்பது அவரது நெடுநாள் ஆசை. அதன் பொருட்டே அன்னையார், மனைவி, நான் ஆகிய மூவரும் பலாலியிலிருந்து வானூர்தியிற் சென்னை சென்று கப்பலேறினோம்.

கப்பலறைகள் பெரும்பாலும் நான்கு வகைப்படும். யன்னலற்ற உள்ளறை, யன்னலுள்ள அறை, மாடமுள்ள அறை, பெருஞ்செல்வருக்குரிய பேரறை என்பன அவை. விலையும் அவ்வரிசையிலேயே ஏறும். “அம்மாவுக்குத் தலைசுற்று இருக்கிறதே, கீழ்த்தட்டிலே நடுவில் ஓர் உள்ளறை போதாதா?” என்றாள் மனைவி. அன்னையார் கடல் பார்க்க வருகிறார், அவரை இருட்டறையில் அடைப்பதா என்று நான் சினந்து, மேற்றட்டிலே, முன்புறத்திலே, யன்னலோடு கூடிய அறையைப் பணங்கொடுத்து எடுத்தேன். உண்மையைச் சொன்னால் அன்னையாரின் பெயரால் என் பெருமையையே நிறைவேற்றிக்கொண்டேன்.

சென்னையிலிருந்து தெற்கு நோக்கி வருகையிற் கடல் அமைதியாகவே இருந்தது. நம் நாட்டின் தென்கிழக்கு மூலையைச் சுற்றிக் கப்பல் தென்மேற்காகத் திரும்பிய இரவிலேதான் பருவக்காற்றின் அலைகள் நேர் எதிரே வந்தன. அறையின் முகப்பு எழுந்தது, தாழ்ந்தது, மீண்டும் எழுந்தது. அன்னையார் மூன்று முறை வாந்தியெடுத்தார். பின் கட்டிலின் ஓரத்தைப் பற்றிக்கொண்டு, “என்ன தம்பி, துலா நுனியிலையோ கொண்டுவந்து வைச்சிருக்கிறாய்?” என்றார்.

நான் இருபது ஆண்டு கற்பித்த பாடத்தை அவர் ஒரு வாக்கியத்திலே சொல்லிவிட்டார். துலாவிலே ஆடுகாலுக்கு அருகிலுள்ள பகுதி சிறிதே அசையும், நுனியோ வானத்துக்கும் கிணற்றுக்குமாகப் போய்வரும். எதிரலையிலே கப்பலும் அவ்வாறே தன் நடுப்பகுதியைச் சுற்றி ஆடுகிறது. பக்கவாட்டிற் சரியும்போது உயர்ந்த தட்டுகளே அதிகம் அசைகின்றன. ஆதலால் மேலும் முன்னும் கூடிய அறை எங்களுக்கு இருமடங்கு துன்பந் தந்தது. நள்ளிரவிலே அன்னையாரைத் தாங்கிக் கீழே, கப்பலின் நடுவிலுள்ள மண்டபத்துக்கு அழைத்துச் சென்று ஒரு நீண்ட நாற்காலியிற் படுக்கவைத்தோம். அரைமணி நேரத்தில் உறங்கிவிட்டார். மனைவி என்னை ஒரு வார்த்தையுங் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

உட்செவி அசைவை உணர, கண்முன்னுள்ள சுவரோ அசையாது நிற்க, இரண்டும் முரண்படுவதாலேயே கடல்நோய் உண்டாகிறது. தொடுவானத்தைப் பார்த்தால் அம்முரண் தணியும். ஆனால் அதற்கு யன்னல் வாங்கவேண்டியதில்லை; பொதுத்தட்டிலே ஏறி நின்றாற் போதும். உள்ளறையின் குறை வேறொன்று: விடிந்ததும் தெரியாது, பொழுது பட்டதும் தெரியாது. கைவிளக்கு ஒன்று கொண்டுசெல்வது நன்று.

அறையைத் தேர்வதற்கு முன் கப்பற்றட்டுகளின் வரைபடத்தைப் பார்த்து, தலைக்கு மேலே என்ன, காலுக்குக் கீழே என்ன என்று அறிக. மேலே நடனசாலை இருந்தால் நள்ளிரவு வரை உறக்கமில்லை. முன்கோடியில் நங்கூரச் சங்கிலியின் ஓசை, பின்கோடியில் இயந்திர அதிர்வு. சில யன்னல்களுக்கு எதிரே உயிர்காப்புப் படகு தொங்கும். யன்னலுக்கென்று கொடுத்த பணம் அப்படகின் வயிற்றைப் பார்ப்பதோடு சரி.

பக்கமும் முக்கியம். குளிரூட்டி இல்லாத காலத்திலே செங்கடல் வழியாகக் கிழக்கே வந்த ஆங்கிலச் செல்வர், போகும்போது இடப்பக்க அறையும் திரும்பும்போது வலப்பக்க அறையும் எடுத்தனர் என்றும், ‘போஷ்’ என்ற ஆங்கிலச் சொல் அதிலிருந்தே பிறந்தது என்றும் ஒரு கதை உண்டு. அகராதிகாரர் அதற்குச் சான்றில்லை என்பர். எனக்கோ பக்கத்தின் பெறுமதி சான்றோடு விளங்கிற்று. எங்கள் அறை வலப்பக்கம். அம்பாந்தோட்டையிலிருந்து வடக்கே திரும்பியதும் தரையெல்லாம் இடப்பக்கமாயிற்று. காங்கேசன்துறையை அணுகிய காலையிலே எனது விலையுயர்ந்த யன்னல் இந்தியாவை நோக்கிய வெறுங்கடலையே காட்டிற்று.

மேலே திறந்த தட்டுக்கு ஓடினேன். இடப்பக்கக் கம்பியருகே மனைவியின் தோளைப் பற்றியபடி அன்னையார் முன்னமே நின்றிருந்தார். நான் கண்ணைச் சுருக்கிக் கரையைத் தேடினேன்.

“அங்கை பார் தம்பி, வெளிச்சவீடு” என்றார். அவர் கை நடுங்காமல் நீண்டிருந்தது.