பெயருக்கு முன்னால் ஒரு மிஸ்டர்

ஸிக்ஃப்ரிட் ஸஸூனை பி.ஏ. வகுப்பில் எங்களுக்கு யுத்தக் கவிஞர் என்றுதான் அறிமுகம் செய்தார்கள். அவர் குதிரை ஏறிப் பந்தயம் ஓடியவர் என்பது வெகுநாள் கழித்து, நடைபாதைக் கடையில் வாங்கிய அவருடைய 1928ஆம் வருஷத்து நாவலைப் படித்தபோது தெரிந்தது. அதன் நாயகன் ஷெர்ஸ்டன் வேட்டைச் சங்கப் போட்டியில் சொந்தக் குதிரையில் ஏறிக் கோப்பை வாங்குகிறான். அவனுக்கு வேலை கிடையாது, வருமானம் உண்டு. குதிரையைப் பார்த்துக்கொள்வதும், எதை வாங்குவது, எப்படி ஏறுவது என்று சொல்லித் தருவதும் டிக்ஸன் என்கிற குதிரைக்காரன். அவன் சம்பளத்துக்கு இருப்பவன். நாவல் முடிவதற்குள் யுத்தத்துக்குப் போய் நிமோனியாவில் செத்துப்போகிறான். ஒருவனுடைய அமெச்சூர்த்தனத்தின் அடியில் இன்னொருவனுடைய சம்பளம் இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இந்தப் பந்தயத்துக்கு இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் பாயின்ட்-டு-பாயின்ட் என்று பெயர். 1752இல் அயர்லாந்தில் இரண்டு பேர் ஒரு மாதாகோயில் கோபுரத்திலிருந்து அடுத்த ஊர்க் கோபுரம் வரை, வேலி, வாய்க்கால் எல்லாம் தாண்டி ஓட்டியதை இதற்கு ஆதியாகச் சொல்வார்கள். பிற்பாடு வேட்டைச் சங்கங்கள் விவசாயிகளின் நிலத்தில் இதை நடத்தின. சுமார் மூன்று மைல், மிலாறுகளைக் கட்டி எழுப்பிய தடைகள். குதிரை வேட்டைக்குப் போய்வந்தது என்று சங்கத் தலைவர் எழுதித் தந்தால்தான் ஓடலாம் என்பது நெடுங்கால விதி. ஏறுகிறவருக்குக் கூலி கிடையாது. தொழில்முறைப் பந்தயங்களில் அமெச்சூர் ஒருவர் ஏறினால் அச்சிட்ட பட்டியலில் அவர் பெயருக்கு முன்னால் மட்டும் 'மிஸ்டர்' என்று போடுவார்கள். காசு வாங்குகிறவனுக்கு வெறும் பெயர், வாங்காதவனுக்கு மரியாதை. அந்த ஒரு சொல்லில் ஆங்கிலேயரின் வர்க்க சரித்திரம் முழுக்க அடங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது.

அந்த மரியாதை எவ்வளவு பெறும் என்பது 2021இல் வெளிப்பட்டது. கொரோனா சமயத்தில் தொழில்முறைப் பந்தயம் நடக்கலாம், அமெச்சூர்ப் பந்தயம் கூடாது என்று அரசாங்கம் கோடு கிழித்தது. அந்த மார்ச்சில் செல்டனம் விழாவில் அமெச்சூர்களுக்கென்றே இருந்த பந்தயங்களில் தொழில்முறை ஜாக்கிகள் ஏறினார்கள். பந்தயத்தை வைத்துக்கொண்டு, அது யாருக்காக ஏற்பட்டதோ அவர்களை வெளியே நிறுத்திவிட்டார்கள். மறு வருஷம், 2022 ஏப்ரலில், ஸாம் வேலி-கோஹன் என்கிற அமெச்சூர், ஒன்றுக்கு ஐம்பது என்று விலை போன குதிரையில் கிராண்ட் நேஷனலையே ஜெயித்தார். இதை அமெச்சூரின் பதிலடியாகக் கொண்டாட எனக்கும் ஆசைதான். ஆனால் குதிரை அவருடைய அப்பாவுக்குச் சொந்தம். டிக்ஸன் ஞாபகம் வந்துவிடுகிறது.

நிர்வாகம் என்று பார்த்தால், தனவந்தர்களின் ஜாக்கி கிளப்பிடம் இருந்த விதி வகுக்கும் அதிகாரம் 2006, 2007 வருஷங்களில் கைமாறி, பிரிட்டிஷ் ஹார்ஸ்ரேஸிங் அதாரிட்டியிடம் வந்தது. பாயின்ட்-டு-பாயின்ட்டுக்குத் தனி அதாரிட்டி, அந்த விதிகளுக்குள் அடங்கி. இப்போது அதற்கு இரண்டு பக்கமும் இடி. ஒன்று சந்தை. அயர்லாந்தில் நாலு வயசுக் குதிரை ஒரு பந்தயம் ஜெயித்தால் லட்சக்கணக்கான பவுனுக்கு ஏலம் போகிறது. ஏறுகிறவன் அமெச்சூர், ஏற்பாடு முழுக்க வியாபாரம். இன்னொன்று சட்டம். நாய்களை விட்டு நரி வேட்டையாடுவதை 2004ஆம் வருஷச் சட்டம் தடுத்தது. மிச்சமிருந்த, மோப்பத் தடம் போட்டுப் பின்தொடரும் பொய் வேட்டையையும் தடுப்பதாக 2024 தேர்தல் அறிக்கையில் லேபர் கட்சி சொன்னது. வேட்டைச் சங்கம் போனால் தடை கட்ட, கொடி பிடிக்க, வயலைக் கேட்டு வாங்க ஆள் யார்? வேட்டையை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் ஒரு கெட்ட வழக்கம் தாங்கி நின்றதை, அந்த வழக்கம் போன பிறகு எது தாங்கும் என்பது நியாயமான கேள்வி.

நம் ஊரில் இந்தக் கேள்வி எழுந்ததே இல்லை. இங்கே விவாதம் எல்லாம் சூதாட்டத்தைப் பற்றி. 1974இல் தமிழ்நாடு ரேஸை ஒழிக்கச் சட்டம் போட்டது. 1996இல் சுப்ரீம் கோர்ட் அது திறமை சார்ந்த ஆட்டம் என்றது. 2024 செப்டம்பரில் அரசு கிண்டி நிலத்தின் குத்தகையை ரத்து செய்தது. பிரியத்துக்காக ஒரு காரியம் செய்கிறவர்களை யார் நிர்வகிப்பது என்பது வேறு பிரச்னை. அது எனக்குக் குதிரை மூலமாக வரவில்லை; இந்தப் பத்திரிகை மூலமாக வந்தது.

போன மாதம் நண்பர்கள் கூடியபோது ஒருவர், பத்திரிகையை டிரஸ்டாகப் பதிவு செய்துவிடலாம், ஆசிரியர் குழு, விதிமுறை, நிதி எல்லாம் வரட்டும் என்றார். வங்கியில் இருப்பவன் என்பதால் கணக்கை என் தலையில் கட்டினார்கள். நான் எதிர்த்துப் பேசினேன். ஸ்தாபனம் வந்தால் உயிர் போய்விடும், நாம் அமெச்சூர்கள், அதுதான் நம் பலம் என்றெல்லாம். எல்லோரும் தலையாட்டினார்கள். பஸ்ஸில் திரும்பும்போது என் பேச்சே எனக்குக் கசந்தது. காரணம் உண்டு.

இரண்டு இதழ்களுக்கு முன்னால் ஒரு முதல் தொகுப்பைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். ஒரு நீண்ட கவிதை நடுவில் உடைந்து, சம்பந்தமில்லாத இடத்துக்குத் தாவுகிறது, கவிஞருக்கு வடிவப் பிரக்ஞை இல்லை என்று தீர்ப்புச் சொன்னேன். பிறகு ஒரு நண்பர் வீட்டில் வேறொரு பிரதி கைக்கு வந்தது. கவிதை உடையவில்லை. என் பிரதியில் பைண்டர் இரண்டு தாள்களை மாற்றித் தைத்திருந்தார். பக்க எண்ணைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. அச்சுக்குப் போகுமுன் வேறு யாரும் படிக்கவும் இல்லை. அது எங்கள் வழக்கம் இல்லை. அடுத்த இதழ் ஏழு மாதம் கழித்து வந்தது. அதிலும் நான் ஒன்றும் எழுதவில்லை. அந்தக் கவிஞர் அதற்குப் பிறகு எங்கும் எழுதியதாகத் தெரியவில்லை. அவர் முறையிட விரும்பியிருந்தாலும் யாரிடம் முறையிடுவது? இது அமெச்சூர்கள் நடத்தும் பத்திரிகை.

அமெச்சூர் விழுந்தாலும் அதே உயரத்திலிருந்துதான் விழுகிறான். அதனால்தான் சம்பளமில்லாத அந்த வயல் பந்தயத்திலும் டாக்டரும் ஆம்புலன்ஸும் இல்லாமல் கொடி இறங்காது. பிரியம் கூலியைத்தான் ரத்து செய்யும். பொறுப்பை அல்ல. நாங்கள் இரண்டையும் சேர்த்து ரத்து செய்துகொண்டோம். அதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்தோம். பெயருக்கு முன்னால் நாங்களே போட்டுக்கொண்ட மிஸ்டர் அது.

டிரஸ்ட் வேண்டுமா என்பதில் எனக்கு இன்னும் தயக்கம். இரண்டு விதிகள் மட்டும் போதும் என்று நினைக்கிறேன்: எந்த மதிப்புரையையும் அச்சுக்கு முன் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொருவர் படிக்க வேண்டும், தவறு தெரிந்தால் அடுத்த இதழின் முதல் பக்கத்தில் திருத்தம் வர வேண்டும். முதலாவதை நண்பர்கள் முடிவு செய்யட்டும். இரண்டாவதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. எந்தத் தொகுப்பு என்பது இதைப் படிக்கும் அறுபது பேருக்கும் தெரியும். அந்தக் கவிதை உடையவில்லை. சரியான வரிசையில் அது கடைசி வரி வரை நேராகப் போகிறது. தவறு என்னுடையது.