காக்களூர் மடிக்கணினி

செப்டம்பர் 28, 2025, ஞாயிறு. திருவள்ளூர்

அக்கா வீட்டுப் பரணிலிருந்து மடிக்கணினியை இறக்கினேன். அவள் மகள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. மூடியில் கோபுர முத்திரை இன்னும் மங்கவில்லை. "அது செத்து வருஷக் கணக்காச்சுடா தம்பி, எடைக்குப் போடலாம்னு இருந்தேன்" என்றாள் அக்கா. என் மகள் பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் எடுத்திருக்கிறாள். புதிது வாங்க இந்த வருஷம் வழியில்லை. எனக்கு இது எடைக்குப் போகிற சாமானாகத் தெரியவில்லை.

விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை ஜெயலலிதா தொடங்கிவைத்தது 2011 செப்டம்பர் 15 அன்று, இந்த ஊரை ஒட்டிய காக்களூரில்தான். முதல் ஆண்டுக்கு மட்டும் 9 லட்சத்துக்கு மேல். அக்கா மகளுக்கு வந்த பெட்டியில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். முகப்புப் படத்தைக்கூட மாற்ற விடாத, 2 ஜிபி நினைவகத்துக்கு மேல் ஏற்காத சிறு பதிப்பு. இன்னொன்று பாஸ் லினக்ஸ், டெபியனை அடிப்படையாக வைத்து சென்னை சி-டாக் மையம் உருவாக்கியது. இரண்டாவதைத் திறந்து பார்த்தவர்கள் எங்கள் சொந்தத்தில் ஒருவரும் இல்லை. திறந்து காட்ட யாரும் இருக்கவில்லை என்பதுதான் காரணம்.

இரவு கும்மிடிப்பூண்டி திரும்பினேன். ஒரே மாவட்டம்தான், ஆனால் ரயிலில் வந்தால் பேசின் பிரிட்ஜ் வரை போய் வண்டி மாற வேண்டும்.

அக்டோபர் 1, புதன்

நான் வேலை பார்க்கும் மில்லில் ஆயுத பூஜை. எடைமேடை அறைக் கணினிக்கும் சந்தனம், குங்குமம். அதில் ஓடுவது விண்டோஸ் எக்ஸ்பி. பழைய இரும்பு ஏற்றிய லாரி மேடையில் ஏறியதும் அடியிலிருக்கும் லோடு செல்கள் எடையை உணரும். இண்டிகேட்டரிலிருந்து சீரியல் கேபிள் வழியாக எண் கணினிக்கு வரும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் சீட்டை அடித்துத் தள்ளும். எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8-ல் முடிந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்த பையன், "இதையும் மாத்திடலாமே சார்" என்றான். மாற்றக் கூடாது என்றேன். எடை வாங்கும் நிரல் அந்தத் தளத்துக்கென்றே எழுதப்பட்டது, எழுதியவர் தொழிலை விட்டுப் போய்விட்டார். இணையக் கேபிளைக் கழற்றிவிட்டு, வட்டை முழுசாக ஒரு படி எடுத்து வைத்தால் அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். சிப்காட் தொழிற்பேட்டையில் இப்படி ஓடுகிற பெட்டிகள் எத்தனையோ. எல்லாவற்றையும் புதுப்பித்துவிட வேண்டும் என்று நினைக்கிறவன் நல்ல மெக்கானிக் அல்ல.

அக்டோபர் 4, சனி

மடிக்கணினிக்குப் பாகங்கள் வாங்கச் சென்னை ரிச்சி தெரு போனேன். ஒரு எஸ்எஸ்டி, பழைய டிடிஆர்3 நினைவகத்தில் 4 ஜிபி துண்டு ஒன்று, சிஎம்ஓஎஸ் பேட்டரி. வருகிற 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10 ஆதரவும் முடிகிறது என்பதால் கடைகளில் அதே பேச்சு. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும்; இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் சில்லாவது வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிகள் ஒரு தேதியால் பழையதாகிவிடுகின்றன. இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு மோட்டாரில் பேரிங் தேய்ந்தால் பேரிங்கை மாற்றுகிறோம், மோட்டாரை உருக்கு உலைக்கு அனுப்புவதில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

மகளை உட்கார வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். முதலில் பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டினோம். வட்டில் எதையும் தொடாமல் கணினியைச் சோதிக்க இதைவிட நல்ல வழி இல்லை. திரை, வைஃபை, ஒலி எல்லாம் சரி. பழைய வட்டு கரகரவென்றது, ஆனாலும் படித்தது. அக்கா மகளின் படங்களையும் கோப்புகளையும் முதல் வேலையாக வெளியே எடுத்தோம். இயங்குதளத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம், பள்ளிப் பிரிவு விழாப் படங்கள் ஒரு முறைதான்.

நிறுவத் தேர்ந்தெடுத்தது டெபியன் 13, இந்த ஆகஸ்ட் 9-ல் வந்தது. 32 பிட் கணினிகளில் புதிதாக நிறுவும் வசதியை அதில் நிறுத்திவிட்டார்கள். பெட்டியில் வந்த ஸ்டார்ட்டர் 32 பிட்தான். ஆனால் சில்லு என்ன என்று கேட்டுப் பார்த்தால் 64 பிட்! இத்தனை காலமும் தன் முழுத் திறனைக் காட்டாமலேயே அது வேலை செய்திருக்கிறது. அந்த விடை திரையில் வந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மகளுக்கு விளக்க முடியவில்லை.

பழைய வட்டைக் கழற்றி எஸ்எஸ்டியைப் பொருத்தினோம். இலகுவான எக்ஸ்எஃப்சிஇ முகப்பைத் தேர்ந்தெடுத்தோம். வட்டைப் பிரிக்கும் திரை வந்ததும் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாடப்புத்தகத்தில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே உபுண்டுவையும் வைத்து இயங்குதளப் பாடம் எழுதியிருக்கிறார்கள். "புக்ல இருக்கிறதை நிஜமா இப்பதான்பா பாக்குறேன்" என்றாள்.

அக்டோபர் 8, புதன்

நேற்று எந்த இணையதளமும் திறக்கவில்லை, பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று வந்தது. சிஎம்ஓஎஸ் பேட்டரி தீர்ந்து தேதி பல வருஷம் பின்னால் போயிருந்தது. கணினியின் கணக்கில் அந்தச் சான்றிதழ்கள் இன்னும் பிறக்கவே இல்லை. வாங்கிவைத்த பேட்டரியைப் போட்டுத் தேதியைத் திருத்தியதும் திறந்தது.

இன்று தமிழ். தமிழ்99 விசைப்பலகையை ஐபஸ் வழியாகச் சேர்த்தோம். அக்கா மகளின் பழைய கட்டுரைகள் ஏதோ ஒரு தனி எழுத்துருக் குறியாக்கத்தில் இருந்ததால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தன. தமிழக அரசு 2010-ல் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது, ஆனாலும் பள்ளிக் கணினிகளுக்கு அது வந்துசேரக் காலம் பிடித்தது. குறியாக்க மாற்றியில் போட்டு எடுத்தோம். "என் ஊர்" என்று ஒரு கட்டுரை, பூண்டி ஏரியைப் பற்றி. அக்காவுக்குப் போனிலேயே படித்துக் காட்டினேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

மகள் சி++ பயிற்சிகளை அதில்தான் செய்கிறாள். கேட்டதும் தொகுத்துத் தருகிறது, தடங்கல் இல்லை. வீடியோ வகுப்பு ஓடும்போது மட்டும் விசிறி கொஞ்சம் இரைகிறது.

இந்த ஆண்டு பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் என்று அறிவித்திருக்கிறார்கள். நல்ல காரியம், வரட்டும். ஆனால் கொடுப்பதோடு நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு பெட்டியுடனும் இயங்குதளத்தைத் திரும்பப் போட ஒரு பென்டிரைவ் வேண்டும். அதைப் போடத் தெரிந்த ஒருவர் மாவட்ட நூலகத்திலோ ஐடிஐயிலோ மாதம் ஒரு நாளாவது உட்கார வேண்டும். அப்படி ஒரு மேசை அன்று திருவள்ளூரில் இருந்திருந்தால் இந்த மடிக்கணினி பரணுக்கே ஏறியிருக்காது. ஏறியது இது ஒன்று மட்டுமா?

மில்லில் மூன்று பேர் தங்கள் வீட்டுப் பெட்டிகளைப் பற்றிக் கேட்டுவிட்டார்கள். தீபாவளி முடிந்த வாரம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். முதலில் படங்களை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு வாருங்கள் என்றும் சொன்னேன்.