பேரேட்டில் தொலைந்த பெயர்

அமெரிக்காவின் மேற்கு டெக்சஸ் பாலைநிலத்தில் மார்ஃபா என்றொரு சிற்றூர். 1886இல் கட்டிய நீதிமன்றம்தான் அங்கு எடுப்பான கட்டடம். போகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். என்னைக் கேட்டால், பத்திரப் பேரேடுகளையும் பார்க்க வேண்டும்.

டெக்சஸில் 254 கவுண்டிகள்; நம் மாவட்டம் மாதிரி. ஒவ்வொன்றும் தன் பத்திரங்களைத் தானே வைத்திருக்கிறது. யாரும் கேட்டுப் பார்க்கலாம். அதனால், எந்த நிறுவனத்திலும் சேராமல், நாளுக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு பேரேடு புரட்டியே பிழைப்பவர்கள் உண்டு. விற்றவர் பெயருக்கு ஓர் அட்டவணை, வாங்கியவர் பெயருக்கு இன்னொன்று. இன்றைய உரிமையாளரிலிருந்து ஒவ்வொரு கையாகப் பின்னால் போக வேண்டும். நிலம் ஒருவருக்கும், அடியிலுள்ள எண்ணெய் வேறொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம் என்பதால் சில நேரம் இரட்டை வேலை.

மெக்சிகோ எல்லை பக்கம். ஸ்பானியப் பெயரில் அப்பா வழி, அம்மா வழி என இரண்டு குடும்பப் பெயர் வரும். ஒரு கிளார்க் ஒன்றில் பதிவார், அடுத்தவர் மற்றதில். இரண்டையும் தேடாவிட்டால் ஒரு வாரிசே விடுபட்டுப் போவார். எண்ணெய்ப் பணத்தில் அவர் பங்கு கைக்கு வராது. பாட்டியின் பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி இருக்கும் நம் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கணினியில் ஏற்றிவிட்டார்களே என்பீர்கள். பழைய பேரேடுகள் பல இடங்களில் இன்னும் ஏறவில்லை. ஏறியவற்றிலும், தப்பாக எழுதிய பெயர் தப்பாகவே ஏறியிருக்கிறது.