கதுப்பும் கொட்டையும்

"காலையில எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?" என்று மருத்துவர் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து அவள் சமைத்ததைச் சாப்பிடுகிற எனக்கு, அவள் எப்போது சாப்பிடுகிறாள் என்று தெரியவில்லை.

"எல்லாரும் சாப்பிட்டப்புறம்" என்றாள் கடைசியில். அது பதினோரு மணி. அதுவரை வெறும் வயிற்றில் டீ. ஹீமோகுளோபின் 8.

2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை, ஆண்களில் 25. மாதவிலக்கும் பிரசவமும் காரணம்தான். கடைசியில் மிஞ்சியதைத் தின்பதும் காரணம்தான். இந்த இரண்டாவதைச் சோதிக்க இரத்தம் எடுக்க வேண்டியதில்லை, அடுப்படியில் நின்றால் போதும்.

மறுநாள் காலை கோட்டுச்சேரி வீட்டில் நான் அடுப்படிக்குள் போனேன். அரை டம்ளர் ஓட்ஸை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, இரண்டு டம்ளர் தண்ணீரும் சிட்டிகை உப்பும் சேர்த்துக் கிண்டினேன். பால் ஊற்றவில்லை. பாலும் டீயும் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். பழத்திலுள்ள வைட்டமின் சி கூட்டும். குழைந்ததும் இறக்கி, வெல்லத்தூள், ஏலக்காய், வறுத்த வேர்க்கடலை. ஆனி மாதம், கூடை நிறைய மாம்பழம் இருந்தது. ஒரு பழத்தின் இரண்டு கதுப்பையும் துண்டு போட்டு, ஆவி பறக்கும் கஞ்சிமேல் பரப்பினேன்.

"எனக்கெதுக்குடி கதுப்பு? கொட்டையக் குடு, போதும்."

கொட்டை சப்புவது அம்மாவுக்குப் பிடிக்கும் என்றுதான் இத்தனை காலம் நம்பியிருந்தோம். கதுப்பைத் தின்று வளர்ந்தவர்களுக்கு அப்படி நம்புவது சௌகரியம்.

பக்கத்திலிருக்கும் காரைக்காலில் ஆனிப் பௌர்ணமிக்கு மாங்கனித் திருவிழா. பிச்சாடனர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் வீசுவார்கள். அம்மா முந்தானையில் ஏந்தி வந்த பழமும் எங்களுக்குத்தான் கதுப்பானது. அந்தத் திருவிழாவின் கதையில் வரும் பழங்களை எண்ணிப் பாருங்கள். பரமதத்தன் கொடுத்தனுப்பியது இரண்டு. ஒன்றைப் புனிதவதி பசித்து வந்த அடியாருக்குப் படைத்தாள். மற்றது கணவனுக்கு. அவன் இன்னொன்று கேட்க, இறைவன் தந்த மூன்றாவதும் அவனுக்கே. நம்பாமல் கேட்டு வாங்கிய நான்காவது அவன் கையிலிருந்து மறைந்தது. ஒரு துண்டாவது அவள் வாய்க்குப் போனதாகப் பெரியபுராணத்தில் இல்லை. கணவன் கைவிட்ட பிறகு, தசையை உதறிப் பேயுருக் கொண்டு அவள் காரைக்கால் அம்மையார் ஆனாள். அறுபத்துமூவர் வரிசையில் எல்லோரும் நிற்க, அம்மையார் மட்டும் உட்கார்ந்திருப்பார்.

"உக்காந்து சாப்பிடும்மா" என்றேன். உட்கார்ந்தாள். பாதி தின்றதும் நான்கு துண்டுகளைக் கிண்ணத்தின் ஓரம் ஒதுக்கினாள். "அப்பாவுக்கு." நான் எதுவும் சொல்லாமல் நின்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவற்றையும் தின்றாள்.

ஊர் திரும்பிய வாரம், என் வீட்டில் மாம்பழம் அறுத்தேன். கதுப்பு மகன் கிண்ணத்துக்குப் போயிருந்தது. கொட்டை என் கையில் இருந்தது. யாரும் சொல்லாமலே.

மகனைக் கூப்பிட்டேன். நாளையிலிருந்து ஓட்ஸ் அவன் வறுக்கிறான். பழம் அவன் அறுக்கிறான். கொட்டை முறை வைத்து.