அம்மம்மாவும் இரண்டு டசின் சிப்பியும்

இலண்டனுக்கு வந்த புதிதில் எங்களில் ஒருவருக்கு உணவகம் ஒன்றின் சமையலறையில் வேலை கிடைத்தது. கோப்பை கழுவுவதில் தொடங்கிய வேலை, சில மாதங்களில் சிப்பி திறப்பதில் வந்து நின்றது. 'ஒய்ஸ்ரர்' என்று சொல்லி வெள்ளைக்காரர் பச்சையாகவே விழுங்குகிற சிப்பி. ஓர் இரவில் நூறு, இருநூறு திறக்க வேண்டியிருக்கும். முதல் கிழமையே உள்ளங்கையில் கத்தி ஏறியது. ஆறு சிப்பி வைத்த ஒரு தட்டின் விலை எங்கள் ஒரு மணி நேரச் சம்பளத்தை விடக் கூட. இத்தனை திறந்தும் ஒன்றையேனும் நாங்கள் வாயில் வைத்துப் பார்த்ததில்லை.

கடந்த மார்கழியில் பிள்ளைகள்தான் கேட்டார்கள்: "அப்பா, அதை எப்பிடித் திறக்கிறதெண்டு எங்களுக்கும் ஒருக்கால் காட்டுங்கோவன்."

சனிக்கிழமை விடியமுன்னரே எழும்பி, பொப்லரில் உள்ள பில்லிங்ஸ்கேற் மீன்சந்தைக்குப் போனோம். தேம்ஸ் ஆற்றங்கரையில் இருந்த பழைய சந்தை 1982இல் இங்கே இடம் மாறியது. மொத்த வியாபாரச் சந்தையென்றாலும் எங்களைப் போன்றவர்களும் போய் வாங்கலாம்.

சிப்பியில் இரண்டு வகை உண்டு. தட்டையாய், வட்டமாய் இருப்பது இந்த நாட்டுக்கே உரியது. கோல்செஸ்ரர், விற்ஸ்ரபிள் கரைகள் அதற்குப் பேர்போனவை. ஆங்கில மாதப் பெயரில் 'ஆர்' எழுத்து வரும் புரட்டாதி முதல் சித்திரை வரைதான் அதைச் சாப்பிடுவார்கள். கோடை அது இனம் பெருக்கும் காலம். நீளமாய், கரடுமுரடாய் இருப்பது பசுபிக் சிப்பி. பண்ணைகளில் வளர்ப்பதால் ஆண்டு முழுவதும் கிடைக்கும், விலையும் குறைவு. அதில் இரண்டு டசின் வாங்கினோம்.

வீட்டுக்கு வந்து பையை அவிழ்த்ததும் அம்மம்மா குசினிக்குள் வந்து எட்டிப் பார்த்தா. இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் குசினியில் அவவுக்கு விளங்காத சாமான்கள்தான் கூட. இன்று யாரும் கேட்காமலே ஒரு சிப்பியைக் கையில் எடுத்து, இன்னொன்றால் மெல்லத் தட்டிப் பார்த்தா. சிறிது வாய் விட்டிருந்த சிப்பி மெதுவாய் மூடிக்கொண்டது.

"உயிரோடதான் கிடக்கு. தட்டியும் மூடாட்டி எறிஞ்சு போடவேணும், பிள்ளை."

உணவகத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதற்பாடமும் அதுதான். அது அம்மம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று பிள்ளைகள் வியந்தார்கள். எங்களுக்குத் தெரியும், ஆனால் சொல்லவில்லை.

திறக்கும் முறை இதுதான். ஓட்டைக் குளிர்ந்த தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீருக்குள் ஊறப்போட வேண்டாம். நல்ல தண்ணீரில் அது செத்துவிடும். பிடிக்கும் கையில் தடித்த துவாயைச் சுற்றிக்கொள்ளுங்கள். குழிந்த ஓடு கீழே, தட்டை ஓடு மேலே. இரண்டு ஓடும் பொருந்தும் கூரான முனையில் கட்டையான, மொட்டைக் கத்தியைச் செருகி, திறப்பைத் திருப்புவது போலத் திருப்புங்கள். பலம் வேண்டாம், பொறுமைதான் வேண்டும். ஓடு விட்டதும் கத்தியைத் துடைத்துவிட்டு, மேலோட்டை ஒட்டினாற்போல் ஓட்டித் தசையை அறுங்கள். உள்ளே இருக்கும் உப்புத் தண்ணீரைச் சிந்தவிட வேண்டாம், ருசியே அதில்தான். வறண்டு கிடந்தாலோ கெட்ட மணம் வந்தாலோ எறிந்துவிடுங்கள்.

"அம்மம்மா, இதுக்குள்ள முத்து இருக்குமோ?" என்று மகள் கேட்டாள்.

"அது மன்னார்ச் சிப்பியடி. வேற சாதி."

உண்மைதான். மன்னாரில் முத்துக்காகவே சிப்பி குளித்தார்கள். 1906இல் அங்கே நடந்த முத்துக்குளிப்பில் அரச உத்தியோகத்தராக நின்றவர், பின்னர் இலண்டனில் எழுத்தாளராகப் பெயரெடுத்த லெனாட் வூல்ப். முத்தை எடுப்பதற்காகக் குவித்து அழுகவிட்ட சிப்பியின் நாற்றத்தைத் தம் சுயசரிதையிலும் அவர் எழுதியிருக்கிறார்.

"அப்ப நீங்கள் ஊரில இதைச் சாப்பிடேல்லையோ?" மகன் விடவில்லை.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அம்மம்மாவின் ஊர் யாழ்ப்பாணக் கடலேரிக் கரையில். தண்ணீர் வற்றுகிற நேரத்தில் பெண்கள் சேற்றில் இறங்கி மட்டி பொறுக்குவார்கள். மீன் வாங்கக் காசில்லாத நாளின் கறி அது. பள்ளிக்கூடத்தில் என்ன கறி என்று கேட்டால் மட்டி என்று சொல்லக்கூடாது என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தா. நாங்களும் எங்கள் பிள்ளைகளிடம் அதைப் பற்றி மூச்சுவிட்டதில்லை.

அம்மம்மா தலை நிமிராமலே சொன்னா: "இதில்லை, மட்டி. நான் சின்னனில இடுப்பளவு தண்ணியில நிண்டு பொறுக்கினனான். அதில்தான் எங்கட வீட்டில அடுப்பெரிஞ்சது."

பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு நாங்களும் எங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னோம். 19ஆம் நூற்றாண்டில் இதே இலண்டனில் சிப்பி ஏழைகளின் சாப்பாடு. தெருவில் வண்டியில் வைத்து விற்றார்கள். இறைச்சி போதாத வீட்டில் அதைப் போட்டுக் கறியைப் பெருக்கினார்கள். அளவுக்கு மீறி அள்ளியதாலும் தண்ணீர் அழுக்கானதாலும் அது அருகிப்போக, பணக்காரர் தட்டுக்கு ஏறியது.

ஒரு டசினை எலுமிச்சம்புளி விட்டு, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் தூவி நாங்கள் இருவரும் பச்சையாகச் சாப்பிட்டோம். கடலையே விழுங்கியது போல இருந்தது. ஒன்று கவனம்: புளியும் உறைப்பும் கிருமியைக் கொல்லாது. முதியவர்கள், கர்ப்பிணிகள், சிறு பிள்ளைகள், நோயாளிகள் பச்சையாகச் சாப்பிடக்கூடாது. கடைச் சிப்பி பரிசோதனைக்கும் சுத்திகரிப்புக்கும் உட்பட்டு வருவது. சவுத்எண்ட் கரையில் கண்டதைப் பொறுக்கி வந்து சாப்பிட வேண்டாம்.

மற்ற டசினை அம்மம்மா நன்றாகக் கொதிக்கவிட்டுப் பால்கறி வைத்தா. அதுதான் முதலில் முடிந்தது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில், சனி ஞாயிறு என்ன செய்தீர்கள் என்று எழுதச் சொன்னார்களாம். மகள் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். எங்கள் அம்மம்மா கடலில் மட்டி பொறுக்கினவ என்பதுதான் அதில் முதல் வரி.