மணிக்குத் தெரிந்த காமர்ஸ்

நாய் நன்றியுள்ள பிராணி என்று இரண்டாம் வகுப்பிலேயே கட்டுரை எழுதிவிடுகிறோம். அது ஒரு தேர்ந்த வியாபாரி என்பதை மட்டும் எந்த வாத்தியாரும் சொல்லித் தருவதில்லை. பி.காம். படித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: எதில் வரவு இருக்கிறதோ, அதை நாய் திரும்பத் திரும்பச் செய்யும். வரவே இல்லை என்று தெரிந்தால் கடையைக் கட்டிவிடும். நாய் பழக்கும் சாஸ்திரம் மொத்தமும் இவ்வளவுதான். பாக்கியெல்லாம் வீட்டு மனிதர்களைப் பழக்குவது.

எங்கள் வீட்டு மணி தெருவில் பிறந்து, தானாகவே குடிவந்த நாட்டு நாய். 18 கிலோ. யார் வந்தாலும் முன்னங்கால்கள் இரண்டையும் தூக்கி மார்பில் வைத்துத்தான் வரவேற்பான். ஆபீஸ் விட்டு வருகிற ஆசாமிக்கு இது சந்தோஷம்; சட்டையோடு போயிற்று. 72 வயது அம்மாவுக்கு அப்படியா? ஒரு சாயங்காலம் கோயிலிலிருந்து வந்தவள் மேல் தாவினான். கிரில் கதவைப் பிடித்துக்கொண்டதால் தப்பித்தாள். அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் என்னாகும் என்று எல்லா வீட்டுக்கும் தெரியும்.

ராத்திரி சாப்பாட்டில் தீர்மானம் நிறைவேறியது. "ஏங்க, எங்கயாவது கொண்டுபோய் விட்டுட்டு வந்துடுங்க" என்றாள் மனைவி. பையன் தட்டை நகர்த்திவிட்டு அழுதான். 'எங்கயாவது' என்பது எங்கே என்று யாருக்கும் தெரியாதா என்ன? புதுத் தெருவில் இறக்கிவிட்டால், அங்கிருக்கும் நாய்கள் ஒரு பக்கம், லாரி மறு பக்கம். ஒரு மாசம் தவணை கேட்டேன்.

முதல் வாரம் ஒரு நோட்டில் கணக்கு மட்டும் எழுதினேன். மணி தாவினால் யார் என்ன தருகிறார்கள்? மனைவி, "சீ, இறங்குடா!" என்று இரண்டு கையாலும் தள்ளுகிறாள். நமக்கு அது திட்டு. மணிக்கு? பார்வை, குரல், தொடல் என்று மூன்று வரவு. பையன் கட்டிக்கொண்டு சிரிக்கிறான். அப்பா, "பாவம்டா, பசிக்குது போல" என்று பிஸ்கட் போடுகிறார். சரி, அவன் பேசாமல் மூலையில் படுத்திருக்கும்போது? ஒரு பயலும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒழுங்காக வேலை செய்கிறவனை மறந்துவிட்டு, கத்துகிறவனுக்கு இன்கிரிமென்ட் போடும் ஆபீஸ்கள் உண்டே, அதே நிர்வாகம்.

கூரியர்காரர் விஷயமும் இப்படித்தான். அவர் பெல் அடிக்கிறார், மணி குரைக்கிறான், அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார். மணியின் பேரேட்டில் இது எப்படி ஏறும்? 'நான் குரைத்தேன், அவன் ஓடினான்.' தினமும் வெற்றி! இதில் நாம் வேறு உள்ளேயிருந்து "சும்மா இரு!" என்று கத்தினால், வீட்டில் எல்லோரும் சேர்ந்து குரைக்கிறார்கள் என்று அவனுக்கு உற்சாகம் கூடிவிடும்.

இரண்டாம் வாரம் புதுச் சட்டம். மணி தாவினால் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு முதுகைக் காட்ட வேண்டும். பேச்சு, பார்வை எதுவும் கிடையாது. நான்கு காலும் தரையில் பட்ட அந்த வினாடியே, கொண்டைக்கடலை அளவு வேகவைத்த கோழித் துண்டு. (வெங்காயம் சேர்க்காதது, நாய்க்கு வெங்காயம் ஆகாது.) ஐந்து நிமிஷம் கழித்துக் கொடுத்தால், எதற்குக் கொடுத்தோம் என்று அதற்குத் தெரியாது. கூடவே 'உட்கார்' என்ற பாடம். உட்கார்ந்திருக்கிற நாயால் தாவ முடியாதே! பாடம் முடிகிறவரை, அம்மா வரும் நேரத்தில் மணி கயிற்றில்.

மூன்றாம் நாள் நிலைமை மோசமானது. முன்னைவிட உயரமாகத் தாவினான், சட்டையைக் கடித்து இழுத்தான். பயப்படக் கூடாது. கரண்ட் போனால் நாம் என்ன செய்கிறோம்? ஸ்விட்சைப் பத்து தடவை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஓய்கிறோம். பல வீடுகளில் பொறுமை போவதும், நாய் தெருவுக்குப் போவதும் இந்தக் கட்டத்தில்தான்.

அப்போது பார்த்து அப்பா பிஸ்கட் போட்டார்.

"ஒண்ணே ஒண்ணுதான்டா போட்டேன்!"

"அந்த ஒண்ணுதாம்ப்பா லாட்டரி!"

எப்போதாவது கிடைக்கும் கூலிதான் பழக்கத்தை இறுக்கிப் பிடிக்கும். அமெரிக்க உளவியலாளர்கள் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் பெரும்பாலும் புறாக்களை வைத்து இதை அளந்து, 1957-ல் தலையணை சைஸில் புத்தகமே போட்டார்கள். நம் ஊரில் புறா வேண்டாம். 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்யும்வரை தினம் சீட்டு வாங்கியவர்களைக் கேட்டால் போதும். தினமும் விழுந்தா வாங்கினார்கள்? எப்போதோ ஒரு தடவை நூறு ரூபாய் விழுந்தது, சார்!

"நாலு சாத்து சாத்துங்க, சரியாப் போயிடும். தப்பு பண்ணினது அதுக்கே தெரியும், மூஞ்சியைப் பாருங்க" என்றார் மாடி வீட்டுக்காரர். அந்த மூஞ்சியை 2009-ல் அமெரிக்காவில் அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் சோதித்துப் பார்த்தார். 'தின்னாதே' என்று சொல்லிவிட்டு எஜமானர் வெளியே போவார். சில சமயம், தின்னாத நாயையும் 'தின்றுவிட்டது' என்று அவரிடம் பொய் சொல்லித் திட்ட வைத்தார்கள். நிரபராதி நாயும் அதே குற்றவாளி முகத்தைக் காட்டியது! அந்த முகம் திட்டுக்கான பதில். குற்றத்துக்கான வாக்குமூலம் இல்லை. காலையில் கடித்த செருப்புக்குச் சாயங்காலம் அடி வாங்கும் நாய் கற்றுக்கொள்வது, ஆபீஸ் விட்டு வருகிற மனுஷன் ஆபத்தானவன் என்பதைத்தான். பயந்த நாய் ஒருநாள் கடிக்கவும் செய்யும்.

நான்காம் வாரக் கடைசியில் அம்மா கோயிலிலிருந்து வந்தாள். கயிறு இல்லை. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மணி உட்கார்ந்தான். வால் மட்டும் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தது. அம்மா குனிந்து அவளே துண்டைக் கொடுத்தாள். தீர்மானம் தானாகவே காலாவதி ஆனது.

சாப்பாட்டு நேரத்தில் மட்டும், மணி இன்னும் அப்பாவின் நாற்காலிக்குக் கீழேதான் உட்கார்கிறான். மற்ற நான்கு நாற்காலிகளைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அங்கே வரவு இல்லை. அப்பாவைப் பழக்க எந்தத் துண்டை, எந்த வினாடியில் கொடுப்பது என்றுதான் பிடிபடவில்லை.